பேரரசியை என்ன செய்யலாம் என்று கேட்டாய்

கோபமாக இருக்கிற மகனுக்கு, உன்னைவிடக் கோபமாக இருக்கிற அம்மா எழுதுவது.

இதை உன் நாவலின் அறுபத்தோராம் அத்தியாயத்துக்குக் கீழே, வாசகர்கள் கருத்து எழுதுகிற இடத்தில் போடுகிறேன். "பேரரசியைத் தூக்குல போடுங்க", "உயிரோட எரிங்க ப்ரோ", "அவ நாக்கை அறுத்துட்டு அப்புறம் கொல்லுங்க" என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கு நடுவில் இது கிடக்கட்டும். அவர்களும் படிக்கட்டும். ஊரே படிக்கிற மாதிரித்தானே நீ என்னை எழுதினாய். நான் மட்டும் ஏன் உனக்குத் தனியாக ஒட்டிய கவரில் அனுப்ப வேண்டும்? தவிர, பொதுவில் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்கு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் வருஷப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு, செய்யூர்ப் பக்கம் என் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, அவருடைய லோடு வண்டியில் சவுக்குக் கட்டை ஏற்றுகிறாய், இறக்குகிறாய், வாரம் இரண்டு அத்தியாயம் எழுதுகிறாய். உன் அப்பா மாதம் ஒருமுறை வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். "நல்லாத்தான் இருக்கான்" என்கிறார். உலகத்திலேயே உபயோகமில்லாத வாக்கியம் அது. மெலிந்திருக்கிறானா, இருமுகிறானா, தூங்குகிறானா, ஒன்றும் அதில் கிடையாது. மீதியை நான் உன் நாவலில்தான் படித்துக்கொள்கிறேன். போன வாரம் எல்லனின் தோழன் காலில் ஆணி ஏறிக் காய்ச்சலில் கிடந்தானே, அதைப் படித்துவிட்டு உன் அப்பாவைக் கையோடு பஸ் ஏற்றி அனுப்பி, உன் காலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். காலில் ஒன்றும் இல்லையாம். கதைதானாம். திரும்பி வந்தவர் சொன்னார், "உனக்கும் அவனுக்கும் நடுவுல நான் போஸ்ட்மேன் வேலை பாக்குறேன், அதுவும் லெட்டர் இல்லாத போஸ்ட்மேன்." இப்போது லெட்டர் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடு.

உன் கதை தெரியாத யாராவது வழி தவறி இங்கே வந்துவிட்டால் அவர்களுக்காக இரண்டு வரி. 'நாக்கின் கீழ் ஒரு கல்' என்று பெயர். வெள்ளுப்புப் பேரரசு கடலோர நாடு ஒன்றைப் பிடித்துவிடுகிறது. அங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து வயதில் நாக்குக்குக் கீழே வெள்ளைக் கல் ஒன்றை வைக்கிறார்கள். அது கரையாது. அதற்குப் பிறகு அந்த வாயில் பேரரசின் பேச்சு மட்டும்தான் வரும், பழைய பேச்சுப் பேசினால் ரத்தம் வரும். கல்லைத் துப்பியவர்களைக் கிணற்றில் போடுகிறார்கள். அந்தக் கிணறுகளில் செத்தவர்களின் பற்கள் மட்டும் அழியாமல் கிடந்து பழைய வார்த்தைகளை மென்றுகொண்டே இருக்கின்றன. எல்லன் என்ற சவுக்கு வண்டிக்காரன் ஆட்களைத் திரட்டிக் கிளம்புகிறான். இப்போது பேரரசி பிடிபட்டுவிட்டாள். மிச்சம் ஒரே ஒரு அத்தியாயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் போடப் போகிறாய்.

அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான் ஒரு வாசகியிடம் ஆலோசனை கேட்டாய். 'சவுக்குத்தோப்பு' என்ற பெயரில் முதல் அத்தியாயத்திலிருந்து உனக்குக் கருத்து எழுதுகிற வாசகி. "அக்கா, நீங்கதான் பேரரசியை எல்லாரையும்விட அதிகமா வெறுக்கறீங்க. உங்க கிட்டயே விட்டுடறேன். அவளை என்ன செய்யலாம்? நீங்க சொல்ற மாதிரி முடிக்கிறேன்" என்று தனியாகச் செய்தி அனுப்பினாய். ஒரு பூ வேறு போட்டிருந்தாய்.

அந்த அக்கா நான்தான்டா.

போனைத் தூக்கி வைக்காதே. முழுக்கப் படி. உன்னை வேவு பார்க்க நான் வரவில்லை, சத்தியமாக. எதிர்வீட்டுக் கோமதி அக்காதான் குவார்ட்டர்ஸ் குரூப்பில் லிங்கைப் போட்டாள். "ஏட்டி, இதப் படிச்சியா? ராத்திரி பாத்ரூம் போக பயமா இருக்குட்டி" என்று எழுதியிருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு இந்தப் பேய், மந்திரம், ராஜா ராணி எல்லாம் ஆகாது. உன் தங்கை பாப்பாவின் டான்ஸ் கிளாஸ் வாசலில் ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டுமே என்று திறந்தேன். முதல் அத்தியாயத்திலேயே பேரரசின் கணக்கெடுக்கிறவர்கள், கண்ணைத் தைத்துக்கொண்டவர்கள், எல்லனின் வண்டிகளை எண்ண வருகிறார்கள். "வண்டிகள் எத்தனை?" என்று கேட்கிறார்கள். எல்லன் சொல்கிறான், "எண்ணத்தான வந்துகீற, எண்ணிக்கோ. அத்தையும் நானே சொல்லிட்டா அப்பால நீ இன்னாத்துக்கு, உன் மூஞ்சிக்கி வாடகையா?" நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். டான்ஸ் டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக அந்தப் பேச்சை நான் எழுத்தில் பார்த்ததில்லை. வில்லனின் அடியாள் பேசுகிற பேச்சாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாட்டையே காப்பாற்றப் போகிறவன் பேசுகிற பேச்சாகப் பார்த்ததில்லை. என் ஊரை ஞாபகம் வைத்து ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு, "தம்பி, யார் நீங்க? எங்க பக்கமா? எல்லன் பேசறதைக் கேட்டு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருது" என்று எழுதினேன். நீ உடனே பதில் போட்டாய். "பேரே பிடிச்சிருக்கு அக்கா. உங்களை மாதிரி ஒருத்தர் படிச்சா போதும்."

அப்போது நீ எங்கே இருந்தாய்? பக்கத்து அறையில். கதவைச் சாத்திக்கொண்டு செமஸ்டருக்குப் படிக்கிறாய் என்று நினைத்து, டீயை வைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் போவேன். என் வீட்டில் என் டீயைக் குடித்துக்கொண்டு, என் போனுக்கே "நன்றி அக்கா" என்று எழுதியிருக்கிறாய். ஒரு வார்த்தை என்னோடு பேசாத பிள்ளை, முகம் தெரியாத அக்காவுக்கு நாலு வரி, ஐந்து வரி. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நானே என் மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு ஆக்கிவிட்டாய்.

பேரரசியை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதற்குச் சாட்சி மேலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஏறிப் போய்ப் பார்க்கலாம். "இந்தப் பொம்பளையைச் சும்மா விடாதீங்க தம்பி" என்று எழுதினேன். "சிரிச்சுக்கிட்டே கல்லு வெக்கிறா பாருங்க, இவளுக்கெல்லாம் பிள்ளைங்கள ஏன் குடுத்தான் ஆண்டவன்" என்று எழுதினேன். எண்பத்திரண்டு பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். மகாபலிபுரம் தாண்டி அந்தப் புலிக்குகையில் மிருகத் தலைகளுக்கு நடுவில் உனக்கு ஆறு வயதில் ஏறி உட்கார்ந்தாயே, விழுந்துவிடுவாய் என்று நான் காலைப் பிடித்து இழுத்தேனே, அந்தத் தலைகள்தான் உன் பேரரசியின் சிம்மாசனம் என்று எனக்கு ஐந்தாவது அத்தியாயத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பேரரசு ஊதுகிற சங்குக்கு எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்களே, அது நம் டவுன்ஷிப்பில் அணு உலை ஆபத்து ஒத்திகைக்கு ஊதுகிற சங்கு என்றாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பக்கத்து ஊர்ப் பையன் யாரோ நன்றாக எழுதுகிறான் என்று இருந்துவிட்டேன்.

இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் தெரிந்தது. பளிங்குப் படிக்கட்டுக்குக் கீழே கல் வைத்த குழந்தைகள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்கிறார்கள். "வீட்டில் என்ன இருக்கிறது? வீட்டில் என்ன இருக்கிறது?" பேரரசி பின்னால் நின்று எண்ணுகிறாள். பத்தும் சரியாகச் சொன்ன குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்து, "போ, இப்போது உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்" என்கிறாள்.

டான்ஸ் கிளாஸ் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். சுவருக்குப் பதிலாக ஃப்ரிட்ஜ். மற்றதெல்லாம் அப்படியே என் சொல், என் கை, என் எண்ணிக்கை. "வூட்ல இன்னா கீது" என்று நீ சொன்னால், ஸ்கூல் பஸ் வருவதற்குள் ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்று பத்துத் தடவை திருத்திச் சொல்ல வேண்டும். ஒன்பதில் தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒருநாள் பஸ் போயேவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாய். படித்தேன், தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரியர் வைத்ததைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நடந்த சண்டை அரியரைப் பற்றியது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. உனக்குப் புரியாத காரணத்துக்காக உன்னை அடித்தேன், வாயால். "உன்னை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கணும்" என்றேன். நீ எழுந்து பையை எடுத்தாய். "இப்ப போறேன்" என்றாய். அவ்வளவு அமைதியாக யாராவது பை அடுக்கி நான் பார்த்ததில்லை. அதற்கப்புறமும் முப்பது சொச்சம் அத்தியாயத்துக்கு அக்காவாகவே கருத்து எழுதிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எதிரிப் பாசறைக்குள் இருந்த ஒரே ஓட்டை. அதை அடைக்க மனசு வரவில்லை. இப்போது நானே அடைத்துவிட்டேன். அந்தக் கணக்கு இனி எழுதாது.

"அங்கேயே" என்றால் என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. சொல்கிறேன். நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. காலேஜ் இரண்டாம் வருஷம். உன்னை ஒரு வயதில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு டிகிரி முடித்தேன், அப்புறம் பி.எட். மூன்று வருஷம் அண்ணியின் இடுப்பிலும் அண்ணனின் வண்டியிலும் வளர்ந்தாய். உன்னை அழைத்துப்போக நான் வந்த அன்று நீ சவுக்குக் கட்டுமேல் உட்கார்ந்திருந்தாய். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "நீ இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டாய். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் செங்கல்பட்டு வரை நீ "மாமா, மாமா" என்று கத்தினாய், கண்டக்டர் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். உன் பேரரசி நாட்டைப் பிடித்த நாள் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாள்தான். அதை நீ எழுதவில்லை. உனக்கு ஞாபகம் இருக்காது. இப்போது வைத்துக்கொள், என் அன்பளிப்பு.

அடுத்த மாதமே ஸ்கூலில் இன்டர்வியூ. யானைப் படத்தைக் காட்டி இது என்ன என்று டீச்சர் கேட்டார். "ஆனெ. எங்க ஊர்ல இல்ல, கோயில்ல கீது" என்றாய். சரியான பதில். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, பிற்பாடு எல்லாரும் எனக்குச் சிநேகிதிகள்தான். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த யானையை உன் வாயில் திருத்திக்கொண்டே வந்தேன். நம் குவார்ட்டர்ஸில் கோயம்புத்தூர்க்காரர் "ஏனுங்க" என்றால் மரியாதை என்பார்கள். கோமதி அக்கா "ஏட்டி" என்றால் எவ்வளவு பாசம் என்பார்கள். மதுரைக்காரர் பேசினால் வீரம். "இன்னா கீது" என்றால் மட்டும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தது நாம்தான், பேசக் கூசுவதும் நாம்தான். நான் காலேஜில் முதல் வருஷமே என் வாயை மாற்றிக்கொண்டேன். எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது என்று பயந்தேன். எனக்கு எதற்கும் பயம்தான், அது உனக்குத் தெரியும். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் கேட்டுக்கு ஓடுகிறவள் நான். அந்தப் பயத்தில்தான் ஃப்ரிட்ஜ். அதற்காக என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. காரணம் சொல்கிறேன், அவ்வளவுதான். காரணம் இருந்தால் தப்பு சரியாகிவிடாது என்று உனக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் பாப்பாவின் காதுகுத்துக்கு நான் செய்ததற்குக் காரணம்கூடக் கிடையாது. அதை நாற்பதாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய், எல்லனை விருந்துக்குக் கூப்பிட்டு, வாயைத் தைத்துக்கொண்டு வந்து உட்காரச் சொல்கிறார்கள் என்று. அதைப் படித்து எல்லாரும் உடம்பு நடுங்கியது என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் நடந்தது அதைவிட மோசம். ஊசி நூல் எதுவும் இல்லை. கம்யூனிட்டி ஹால் வாசலில், மாலை போட்ட வேனுக்குப் பக்கத்தில், அண்ணன் புது வேட்டியில் சீர்த்தட்டோடு இறங்கி நின்றார். நான் ஓடிப்போய், காதோரம், "அண்ணா, அவர் ஆபீஸ்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. கொஞ்சம் பேச்சைக் குறைச்சுக்கோ" என்றேன். "மடி வேணும், வாயி வேணாம். அதான?" என்றார். நான் சீர்த்தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய், பதினொரு வயது. அண்ணன் உள்ளே வந்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். உன் அப்பாவின் ஆபீஸர் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டதற்குக்கூட ஒரு சிரிப்பு மட்டும். கொஞ்ச தூரத்தில் நான் நின்று, அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை எழுத உனக்குத் தெரியவில்லை, உன் கதையிலேயே கொடூரமான இடம் அதுவாக இருந்திருக்கும். ஆசாரி காது குத்தி முடித்ததும் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, இலையில் உட்காராமல் போனவர்தான். ஒன்பது வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் என் தப்பு. எழுதிவிட்டேன். இனி உன் தப்பு.

உன் கதையில் பெண்கள் எங்கே? அறுபத்தோரு அத்தியாயத்தில் எல்லனின் மனைவிக்கு ஒரே ஒரு வசனம், "கஞ்சி ஆறிகினு கீது". உன்னை இடுப்பில் சுமந்தவள் அவள். உன் பீத்துணி துவைத்தவள் அவள். நாட்டுக்கே விடுதலை வாங்கித் தருகிறாய், அண்ணிக்கு அடுப்படியிலிருந்து விடுதலை இல்லை. பாப்பா என்னைக் கேட்கிறாள், "அண்ணா கதைல நான் வரேனாம்மா?" என்று. அந்த அரண்மனையில் பேரரசிக்கு ஒரே பிள்ளை. தங்கை என்ற ஒருத்தி பிறக்கவே இல்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று பால்கனியில் நின்று கை ஆட்டினாளே, திரும்பிப் பார்த்தாயா? புரட்சிக்காரனுக்குப் பின்னால் பார்க்க நேரம் ஏது.

இன்னொன்று. எல்லன் அவன் பேச்சுப் பேசுகிறான், அவன் ஆட்கள் அவர்கள் பேச்சுப் பேசுகிறார்கள், ரொம்ப அழகு. ஆனால் கதை சொல்கிறவன் யார் பேச்சுப் பேசுகிறான்? "கிணற்றின் இருளில் பற்கள் மெல்ல அசைந்தன" என்று எழுதுகிறாயே, அது யார் தமிழ்? என் தமிழ். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று நீ கற்ற தமிழ். பேரரசின் கல்லை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டே பேரரசைக் கவிழ்க்கிறாய். ஒருநாளும் அது உனக்கு உறுத்தவில்லையா? இத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள், ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், எனக்குத்தான் அந்தக் கல்லின் ருசி தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. உன் பேரரசி எங்கிருந்து வந்தாள்? கடலுக்கு அப்பாலிருந்து, பனியிலிருந்து என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். பிடிபட்ட நாடு பேரரசுக்கு உப்பும் கட்டையும் கப்பம் கட்டியது என்று எழுதினாய். வேறு எதுவும் கட்டவில்லையா? எனக்குப் பத்தொன்பது வயது, காலேஜில் முதல் வருஷம் முடிந்திருந்தது. எங்கள் அப்பா இல்லை, பத்து வயது மூத்த அண்ணன்தான் வீடு. ஒருநாள் வந்து, "பாப்பா, உன்னப் பாக்க வராங்க. மாசச் சம்பளம், குவார்ட்டர்ஸ் வூடு. நம்ம சனத்துல யாருக்குக் கெடைக்கும்?" என்றார். நான் படிக்கணும் என்றேன். "கட்டிக்கினு படி" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. உன் அப்பா நல்ல மனிதர், அது வேறு விஷயம், என் அதிர்ஷ்டம். ஆனால் உன் எல்லன், வாயால் ஒரு படையையே விரட்டுகிற எல்லன், தன் தங்கையைப் பூ வைத்து மாலை போட்டு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தான். போகும்போது காதில் சொன்னான், "அங்க போயி நம்ம மாதிரி பேசிக்கினு கீறாத, அவுங்களுக்குப் புடிக்காது." அதை முதலில் சொன்னது அவர்தான்டா. பன்னிரண்டு வருஷம் கழித்துக் காதுகுத்து ஹால் வாசலில் நான் அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

இதற்காக உன் மாமாவை வெறுக்கச் சொல்லவில்லை. அவரைச் சாமியாக்காதே என்கிறேன். வெயில் ஏறுவதற்குள் சாப்பிடு, வண்டி ஓட்டிக்கொண்டே போன் பார்க்காதே, படிப்பைத் தொடர்வதும் விடுவதும் உன் பாடு, ஆனால் எந்த மனிதரையும் சாமியாக்கிக் கதை எழுதாதே. உன் பேரரசி அந்த ஊர்க்காரிதான். பிடிபட்ட நாட்டிலிருந்து போனவள். அதை எழுதாமல் அவளைக் கொன்றால், கதை முடியும், கேள்வி முடியாது. அவள் திருந்தி அழுது காலில் விழுகிற மாதிரி மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் நான் உன்னை மன்னிக்கமாட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

முந்தாநாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், உனக்குத் தெரியாது, நீ லோடு ஏற்றப் போயிருந்தாய்.

"யாரு?" என்றார்.

"நான்தான்."

"எந்த நானு?"

"உன் தங்கச்சி."

அந்தப் பக்கம் வண்டி ஹாரன் அடித்தது. அப்புறம், "பையன் தோப்புல கீறான். கூப்டவா?" என்றார்.

"வேணாம்ணா. உன்கிட்டதான் பேசணும்."

"எங்கிட்ட இன்னா பேச்சு? நான் பேச்சக் கொறைச்சி ஒம்போது வருசம் ஆவுது."

தப்பு பண்ணிட்டேன் அண்ணா என்றேன். அவர் செருமினார். "இத்த ஏன் போன்ல குசுகுசுன்னு சொல்ற? அன்னிக்கிம் இப்டித்தான் காதாண்ட வந்து குசுகுசுன்ன. நாலு பேரு கீற எடத்துல சொல்லு. அப்பால பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பொதுவில் எழுத இன்னொரு காரணம் என்றேனே, அது இதுதான். எனக்குத் தெரிந்து நாலு பேர் இருக்கிற இடம் உன் அறுபத்தோராம் அத்தியாயம்தான். நாலாயிரம் பேரோ எவ்வளவோ. அண்ணனுக்குப் போனில் இவ்வளவு பொடி எழுத்துப் படிக்கக் கண் போதாது. அதனால் நீதான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் படிக்க வேண்டாம். இதற்குக் கீழே இருக்கிற ஒரு பத்தியை மட்டும், ஒரு வார்த்தை மாற்றாமல், நாலு பேர் இருக்கும்போது, சத்தமாகப் படி.

அண்ணா, நான்தான். பாப்பாக்குக் காது குத்துன அன்னிக்கி, உன் வாயக் கட்டிக்கினு வந்து மடியக் குடுன்னு சொன்னது நான்தான். எவனும் எனக்குச் சொல்லித் தரல. உன் பேச்சு எனக்கு அசிங்கமா இருந்துச்சி. அது என் பேச்சுதான்னு தெரிஞ்சிகினேதான் அசிங்கப்பட்டேன். நீ வாய மூடிகினு உக்காந்திருந்தத தூர நின்னு பாத்து எனக்கு நிம்மதியா இருந்துச்சி. அதான் பெரிய தப்பு. என்னக் கேக்காம கட்டிக் குடுத்தியே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் கீது. அத்த ஒருநாளு வூட்டுக்கு வந்து மூஞ்சிக்கி நேரா கேப்பேன், நீயும் பதில் சொல்லணும். ஆனா அத்தையும் இத்தையும் கூட்டிக் கழிச்சி சமம்னு சொல்லமாட்டேன். நான் பண்ணது தப்பு. நாலு பேரு முன்னாடி சொல்றேன், தப்பு.

இந்த ஒரு பத்திக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பேசி மறந்ததை எழுதுவது அவ்வளவு லேசாக இல்லை.

அப்புறம் உன் கேள்வி. பேரரசியை என்ன செய்யலாம் என்று கேட்டாய். அவளை வெறுத்த வாசகி நான், அவளும் நான், என்னிடம் தீர்ப்புக் கேட்பது முறையில்லை. அவள் பிள்ளை நீ, நீயும் சொல்லக் கூடாது. படித்துக் காட்டி முடித்த கையோடு, அவர் துண்டை உதறி எழுந்துகொள்வதற்குள், மாமாவைக் கேள். "மாமா, அந்தப் பொம்பளைய இன்னா பண்ணலாம்?" என்று கேள். அவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயில் வருகிற மாதிரியே எழுது. என் தமிழுக்கு மாற்றாதே. அவளைக் கொல்லச் சொன்னால் கொன்றுவிடு. ஞாயிற்றுக்கிழமை மற்ற எல்லாரோடும் சேர்ந்து நானும் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.